கிட்ட இருப்பதெல்லாம் அதுதானா?



தரம் 1 அனுமதிக் காலம் வந்தால் வீட்டை மையமாக வைத்து வட்டம் கீறிப் பார்க்காத பெற்றோர் நம் மாத்தளைப் பக்கம் குறைவு. அந்த வட்டத்துக்குள் வேறு பாடசாலைகள் விழுந்தால் புள்ளி குறையும் என்று நமக்குத் தெரியும். வானியலாளர்களும் இப்படி வட்டம் கீறுகிறார்கள். அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

ஒரு தொலைகாட்டி பதிந்த நட்சத்திரம், இன்னொரு தொலைகாட்டியின் பட்டியலில் எது? இடத்தை வைத்துத்தான் தேடுவார்கள். ஆனால் எந்த அளவீட்டிலும் சிறு பிழை உண்டு. ஆகவே அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் கீறி, உள்ளே விழுவதைப் பார்ப்பார்கள். அந்த வட்டத்தின் ஆரையை விகலையில் சொல்வார்கள். ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் விகலை. முழு நிலாவின் அகலமே ஏறக்குறைய 1800 விகலை.

ஆரை எவ்வளவு இருக்க வேண்டும்? பிரச்சினையே அதுதான்.

ஐரோப்பாவின் கையா விண்கலம் 2022இல் வெளியிட்ட பட்டியலில் 180 கோடிக்கு மேற்பட்ட வான்பொருட்கள் உள்ளன. அவை வானமெங்கும் சமமாகப் பரவியிருப்பதாக வைத்துக் கணக்குப் பார்ப்போம். கண்ட இடத்தில் 1 விகலை ஆரையில் வட்டம் கீறினால், நூறு வட்டத்தில் ஒன்றில்தான் சம்பந்தமில்லாத ஒன்று தற்செயலாக மாட்டும். 5 விகலை என்றால் ஏறக்குறைய நான்கில் ஒன்று. 10 விகலை என்றால் சராசரியாக வட்டத்துக்கு ஒன்று! ஆரை இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுதான்.

அப்படியானால் வட்டத்தைச் சின்னதாக்கினால் சரியா? அதுவும் இல்லை. பார்னார்டின் நட்சத்திரம் ஆண்டுக்கு 10 விகலைக்கு மேல் நகர்கிறது. பத்து வருடப் பழைய பட்டியலில் 1 விகலை வட்டத்துக்குள் தேடினால் அது கிடைக்கவே கிடைக்காது. அதனால்தான் இடம் மட்டும் போதாது. பிரகாசம், நிறம், நகர்வு எல்லாம் பொருந்துகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

இதை மறந்தால் என்ன நடக்கும்? 1872 நவம்பர் 27இல் ஐரோப்பாவில் பெரும் விண்கல் மழை. காணாமல் போயிருந்த பீலா வால்வெள்ளியின் சிதறல்கள் அவை. உடனே ஜெர்மனியிலிருந்து மதராஸ் வானாய்வகத்துக்குத் தந்தி வந்தது: சென்டாரஸ் பக்கம் தேடுங்கள். அங்கிருந்த நோர்மன் பொக்சன் தேடினார். டிசம்பர் தொடக்கத்தில் அங்கே ஒரு வால்வெள்ளி இருக்கவே செய்தது! கிடைத்தது இரண்டு நாள் நோக்கல்தான். பாதையைக் கணிக்க மூன்று வேண்டும். மேகம் விடவில்லை. அது பீலா அல்ல, வேறொன்று என்று பிந்திய கணக்குகள் காட்டின. சொன்ன இடத்தில் இருந்தது, ஆனால் சொன்ன பொருள் அல்ல.

இப்போது நம் கதைக்கு வருவோம். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு பொலிஸார் வெளியிட்ட சந்தேக நபர்களின் படங்களில் ஒன்று, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியுடையது. எந்தச் சம்பந்தமும் இல்லாத பிள்ளை. பொலிஸார் பிறகு தவறை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் திருத்தம் வருவதற்குள் படம் உலகமெல்லாம் போய்விட்டது. பகிர்ந்தவர்களுக்கு முஸ்லிம் பெயரும் ஹிஜாபும் போதுமாக இருந்தது. அவ்வளவு பெரிய வட்டத்துக்குள் நம் வீட்டுப் பெண்கள் எல்லோருமே விழுவார்கள்.

அன்று அது நமக்கு வலித்தது. ஆனால் நாம் மட்டும் திருந்திவிட்டோமா? வட்ஸ்அப் குழுவில் “கள்ளன், கவனம்” என்று ஒரு படம் வந்தால், ஊரும் பெயரும் ஒத்துப்போனதும் அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோம். அதே பெயரில் ஊருக்குள் பத்துப் பேர் இருப்பார்கள். தீர விசாரிப்பது நமக்கு மார்க்கக் கடமையும்கூட.

பிள்ளைகளுக்கும் நமக்கும் நாம் சொல்வது இதுதான்: பெயர் ஒத்தால் முகத்தைப் பாருங்கள், முகம் ஒத்தால் திகதியையும் இடத்தையும் பாருங்கள். இவை பொருந்தும்வரை “இன்னும் தெரியாது” என்று சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. ஒரு நாள் பிந்திப் பகிர்ந்தால் நமக்கு ஒன்றும் குறையாது. அவசரத்தில் பிழையாக அனுப்பினால் ஒரு குடும்பத்தின் மானம் போகும்.

வஸ்ஸலாம்.