கத்தரி யார் கையில்?

வடலூர் வள்ளலாரின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்னும் பெயரோடு அச்சேறின. அவை அருட்பா அல்ல, மருட்பாவே என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எழுந்தார். மறுப்பு நூல் வந்தது. மறுப்புக்கு மறுப்பு வந்தது. 1869இல் மஞ்சக்குப்பம் வழக்குமன்றப் படியையும் அப்பூசல் ஏறியது. வள்ளலார் மறைந்து ஏறத்தாழ முப்பதாண்டு கழிந்த பின்னும், 1903இல், கதிரைவேற்பிள்ளையும் மறைமலையடிகளும் அதே பொருள்பற்றிச் சென்னையில் சொற்போர் நிகழ்த்தினர். பின்னாளில் தனித்தமிழுக்கு வித்திட்ட அதே அடிகள்தாம். வசைச் சொற்களுக்கும் அப்போரில் குறைவில்லை. அது தமிழ்ப் புலவர்களின் பழைய நோய். ஆயினும் அருட்பாவை அச்சிட்டவர்கள் ‘எதற்கு வம்பு?’ என்று படிகளை வாரிக்கொண்டுபோய்ப் பரண்மேல் மறைக்கவில்லை. நூலுக்கு விடை நூலாகவே இருந்தது.

அந்நெஞ்சுரம் இன்றைய பொழுதுபோக்கு முதலாளிகளிடம் அணுவளவேனும் உண்டா?

2023 திசம்பரில் ‘அன்னபூரணி’ என்னும் தமிழ்ப்படம் திரையரங்குகளுக்கு வந்தது. திருவரங்கத்துப் பார்ப்பனப் பெண்ணொருத்தி சமையற்கலை கற்று ஊனுணவும் சமைக்கத் துணிவதே கதை. நடுவணரசின் தணிக்கைக் குழு பார்த்துச் சான்று தந்த படம் அது. அம்மாத இறுதியில் நெட்பிளிக்சு என்னும் அமெரிக்க நிறுவனம் அதனைத் தன் இணையத்திரையில் ஏற்றியது. இராமன் ஊன் உண்டான் என்று ஒரு கதைமாந்தர் கூறுவதைப் பற்றிக்கொண்டு வடக்கே கூச்சல் எழுந்தது. மும்பையில் முறையீடு பதிவாயிற்று. வான்மீகத்தில் அவ்வாறு உண்டா இல்லையா என்பது வடமொழி வல்லாரே நெடுங்காலமாக வழக்காடிவரும் பொருள். அவ்வழக்கைத் தொடர்ந்து நடத்துவதற்கு என்ன தடை? நடத்தவில்லை. 2024 சனவரியில், படத்தில் பங்குடைய சீ நிறுவனம் விசுவ இந்து பரிசத்துக்கு வருத்தம் தெரிவித்து மடல் எழுதிற்று. நெட்பிளிக்சு படத்தை அப்படியே எடுத்துவிட்டது. அதற்கு அரசாணை இல்லை, வழக்குமன்றத் தீர்ப்பும் இல்லை. தணிக்கைச் சான்று பெற்ற ஒரு தமிழ்ப்படத்தைத் தமிழரைக் கேளாமலே ஒரு மடலும் ஒரு சொடுக்கும் மறைத்துவிட்டன.

இந்நோய் தமிழ்நாட்டில் மட்டும் தோன்றியதன்று. 2014இல் அமெரிக்காவில் சோனி நிறுவனத்துக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்க. வடகொரியத் தலைவனைக் கொல்ல முயல்வதாகக் கதை புனைந்து ‘நேர்காணல்’ எனப் பொருள்படும் பெயரில் அந்நிறுவனம் ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தது. அவ்வாண்டு சூன் மாதத்திலேயே வடகொரியா சீறியது. நவம்பர் 24ஆம் நாள் அந்நிறுவனத்தின் கணிப்பொறிகள் செயலற்றன. ஊடுருவியவர்கள் வெளிவராத படங்களையும், பணியாளர்தம் சம்பளக் கணக்குகளையும், மேலாளர்களின் மின்னஞ்சல்களையும் அள்ளி ஊரறியக் கொட்டினர். திசம்பர் 16இல், படம் ஓடும் அரங்குகளுக்குத் தீங்கு நேரும் என்று 2001 செப்தம்பர் 11ஐ நினைவூட்டி மிரட்டினர். பேரரங்கு நிறுவனங்கள் ஒவ்வொன்றாய் நழுவின. மறுநாளே சோனி வெளியீட்டைக் கைவிட்டது.

இதில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி வேறொன்று. வெளியே கொட்டப்பட்ட அம்மின்னஞ்சல்களே அதைக் காட்டிக்கொடுத்தன. தாக்குதலுக்குப் பல கிழமைகள் முன்னரே, சோனியின் சப்பானியத் தலைமை, படத்தில் அத்தலைவன் சாகும் காட்சியை மென்மையாக்குமாறு சொல்லியிருந்தது. திருடன் வருவதற்கு முன்பே வீட்டுக்காரன் கதவைத் திறந்து வைத்திருந்தான்!

திசம்பர் 19இல் அமெரிக்கப் புலனாய்வுத்துறை இது வடகொரியாவின் செயல் என்றது, வடகொரியா மறுத்தது. அன்றே அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஒபாமா, சோனி தவறிழைத்துவிட்டது என்றும், எங்கோ இருக்கும் ஒரு கொடுங்கோலன் தம் நாட்டில் தணிக்கை நடத்த விடலாகாது என்றும் வெளிப்படையாகக் கூறினார். அமெரிக்க வல்லாண்மை உலகெங்கும் செய்துள்ள கொடுமைகளை அச்சொற்கள் கழுவிவிடா. எனினும் தன் நாட்டு முதலாளியை ஒரு நாட்டுத் தலைவன் அவ்வாறு இடித்துரைத்தது உண்மை. திசம்பர் 24இல் படம் இணையத்திலும், மறுநாள் முந்நூறுக்கு மேற்பட்ட சிறு அரங்குகளிலும் வெளிவந்தது. இணைய வருவாய் மட்டும் முதல் சில நாள்களில் ஒன்றரைக் கோடி தாலர். அச்சுறுத்தப்பட்ட அரங்கு எதிலும் ஒரு கல்லும் விழவில்லை.

அதே 2014இல் தில்லி செய்தது என்ன?

முள்ளிவாய்க்காலில் 2009இல் தமிழினம் கொன்று குவிக்கப்பட்டதைச் சான்றுகளோடு காட்டும் ‘நோ பயர் சோன்’ என்னும் ஆவணப்படத்தைக் கேலம் மக்ரே என்பார் எடுத்திருந்தார். 2014 பிப்பிரவரியில் இந்தியத் தணிக்கைக் குழு அதற்குச் சான்று மறுத்தது. காட்சிகள் உள்ளத்தைக் கலக்குவன என்பது ஒரு கரணியம். இலங்கையோடுள்ள நட்புறவு கெடும் என்பது மற்றொன்று. அமெரிக்கத் தலைவன் அயலான் மிரட்டலுக்குப் பணியாதே என்றான். இந்திய அரசோ அயலான் மிரட்டும் முன்பே அவனுக்காகத் தானே கத்தரி பிடித்தது. கொல்லப்பட்டவர்கள் யாருடைய உறவு, நட்புறவு யாரோடு? தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டிருக்க வேண்டிய வினா இது. இந்தியா மட்டுமன்று, மலேசியாவில் 2013 சூலையில் அப்படத்தைத் திரையிட்டதற்காக ஒரு மாந்தவுரிமைத் தொண்டரை வழக்கில் இழுத்து, 2017இல் 10,000 ரிங்கிட்டு தண்டம் விதித்தனர்.

மக்ரே சோர்ந்துவிடவில்லை. சான்று மறுக்கப்பட்டதும் இந்தியா, இலங்கை, மலேசியா, நேபாள நாட்டு மக்கள் கட்டணமின்றிப் பார்க்குமாறு படத்தை இணையத்தில் விட்டார். அவருக்குப் பின்னால் பெருமுதலாளி எவனும் இல்லை. ஆதலால் அவரால் இயன்றது.

இனித் தமிழர் தம் கைகளையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஈழப்போரைத் திரித்துக் காட்டுகிறது என்று ‘இனம்’ படத்தை 2014 மார்ச்சில் எதிர்த்தனர். சில நாள்களிலேயே வெளியீட்டாளர் அதனைத் திரும்பப் பெற்றார். அவ்வாண்டு அக்தோபரில் ‘கத்தி’ படம் வந்தது. அதனை எடுத்த இலைக்கா நிறுவனத்துக்கு இராசபட்சே சுற்றத்தோடு வணிகத் தொடர்பு உண்டு என்று குற்றஞ்சாட்டினர், நிறுவனம் மறுத்தது. சென்னையில் திரையரங்கு தாக்கப்பட்டது. முடிவு? தமிழ்நாட்டில் விளம்பரங்களிலிருந்தும் படத்திலிருந்தும் அந்நிறுவனத்தின் பெயரை அழித்தனர். படம் குறித்த நாளில் ஓடிற்று. பெயரை அழித்தார்களே அன்றிப் பணத்தை அழிக்கவில்லை! அதே நிறுவனம் 2018இல் ‘2.0’ எடுத்தது, 2022இல் ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் பங்கேற்றது. அன்று கண்ணாடி உடைத்த கைகள் அப்போது நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டிருந்தன. குற்றச்சாட்டு உண்மையாயின், அதை ஆவணத்தோடு நிறுவி அச்சிட்டிருக்க வேண்டும். கல்லெறிந்ததால் அவ்வுண்மை இன்றுவரை எவருக்கும் விளங்காமலே போயிற்று.

இடவொதுக்கீட்டைப் பழித்து எடுக்கப்பட்ட ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் வழக்கில் உச்ச வழக்குமன்றம் 1989இல் தந்த தீர்ப்பு இங்கு நினைக்கத்தக்கது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை மூளும் என்னும் அச்சத்தைக் காட்டிக் கருத்துரிமையை நசுக்கலாகாது. காப்பதே அரசின் கடன் என்றது மன்றம். படம் தமிழர் நலத்துக்கு எதிரானது. தீர்ப்போ தமிழர்க்கும் கேடயமாக வல்லது. ஒன்றை வெறுத்து மற்றதைக் காத்துக்கொள்ளும் கூர்மை வேண்டும்.

முதலாளிகளின் இயல்பு தெரியாததன்று. தமிழில் பெயரிட்டால் கேளிக்கை வரி இல்லை என்று தமிழக அரசு 2006இல் அறிவித்ததும், ‘சம்திங் சம்திங்’ என்னும் ஒட்டை உதிர்த்துவிட்டு ‘உனக்கும் எனக்கும்’ என்று ஒரு படம் ஓடிவந்தது. 2017இல் சரக்கு-பணி வரி வந்து அச்சலுகை மதிப்பிழந்ததும் ஆங்கிலப் பெயர்கள் மீண்டும் வரிசை கட்டின. அவ்வாண்டே அப்புதிய வரியைச் சாடிய ‘மெர்சல்’ படத்தின் உரையாடலுக்கு ஆளுங்கட்சியினர் கொதித்தனர். தமிழில் ஒலித்த சொற்கள் தெலுங்குப் படியில் ஊமையாயின. அதில் நடித்த விசய், 2020 பிப்பிரவரியில் வடலூருக்கு அணித்தேயுள்ள நெய்வேலிச் சுரங்கத்தில் படப்பிடிப்பில் இருந்தபோது வருமான வரி அலுவலர்கள் அவரை அங்கிருந்தே சென்னைக்கு அழைத்துச் சென்றனர். சுரங்கத்தில் படப்பிடிப்புக்கு இடந்தரலாகாது என்று அதே கட்சியினர் அடுத்துக் கொடி பிடித்தனர். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே கொள்க. படமெடுக்கும் முதலாளி அவ்வாறு கொள்வானா?

சான்று பெற்ற ஒரு படத்தை வெட்டும் நிறுவனம் அல்லது விலக்கும் நிறுவனம், எவர் கேட்டார், எதனை வெட்டினோம், எக்கரணியத்தால் என்பதைத் தமிழில் எழுதி வெளியிட வேண்டும். மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் தமிழர், அக்கட்டணத்தைச் செலுத்துமுன் இதனை மடல் எழுதிக் கேட்கலாம். விசுவ இந்து பரிசத்துக்கு ஒரு மடல் எழுத நேரம் இருந்த நிறுவனத்துக்கு, ‘அன்னபூரணி’ பார்க்கப் பணம் கட்டியிருந்த தமிழருக்கும் ஒரு மடல் எழுத நேரம் கிடைக்காதா?