அழித்தற்குரியனவும் அழிக்க வேண்டாதனவும்

நூல்நிலையத்துக் கணிப்பொறியின்முன் அமருங்கால், நமக்கு முன்னிருந்தவருடைய மின்னஞ்சல் திறந்தபடியே கிடக்கக் கண்டோர் நம்மிற் பலர். அது மறதியாற் செய்த பிழையே. ஆயினும் அதனால் விளையக்கூடிய தீங்கு சிறிதன்று. ஆதலின், இணைய உலாவியிற் சேரும் தற்காலிகக் கோப்புக்களை அழித்தல் பற்றி நம் கருத்தை ஈண்டுக் கூறுவோம்.

உலாவி சேர்த்துவைப்பன யாவும் ஒரே தன்மையன அல்ல. முதலாவது, 'கேஷ்' எனப்படும் சேமிப்பு. ஒரு தளத்தின் படங்கள் முதலியவற்றை உலாவி கணிப்பொறியிலேயே வைத்துக்கொள்ளும். மறுமுறை செல்லுங்கால் அவற்றை மீண்டும் இறக்க வேண்டுவதில்லை. இரண்டாவது, 'குக்கி'. 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்திலிருந்த லூ மாண்டுல்லி என்பார் வகுத்த இச்சிறு குறிப்பே, நாம் இன்னார் என்பதைத் தளத்திற்கு நினைவூட்டுவது. மூன்றாவது, நாம் சென்ற தளங்களின் வரலாறு.

இவை யாவற்றையும் நாடோறும் அழித்தால் கணிப்பொறி விரைந்தியங்கும் என்பர் சிலர். யாம் அதற்கு உடன்படோம். கேஷை அழித்தபின் அப்படங்களே மீண்டும் இறங்க வேண்டியிருத்தலின், காலமும் டேட்டாவும் வீணாம். பழையவற்றை உலாவி தானே அவ்வப்போது நீக்கிக்கொள்ளும். பக்கம் சிதைந்து தோன்றினும், பழைய வடிவமே மாறாது நிற்பினும், அப்பொழுது அழித்தல் தக்கது. சொந்தக் கணிப்பொறிக்கு இவ்வளவே போதும்.

பொதுக் கணிப்பொறியின் நிலையோ வேறு. ஆங்கு அழித்தல் கடமையாம். முதற்கண், புகுந்த கணக்கினின்றும் முறையாக வெளியேறுக. பின்னர், விண்டோஸ் கணிப்பொறியாயின், கண்ட்ரோல், ஷிப்ட், டெலிட் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் அழித்தற்குரிய பகுதி திறக்கும். கால அளவு ஒரு மணி நேரம் என்றிருப்பின் முன்னையன எஞ்சும், அதனையும் நோக்குக. நாம் இறக்கிய மதிப்பெண் பட்டியலும் விண்ணப்பமும் இதனால் அழியா; அவற்றைத் தனியே நீக்குதல் வேண்டும். தொடக்கத்திலேயே தனிமறைவுச் சாளரத்தைத் திறப்பின், அதனை மூடியவுடன் குக்கியும் வரலாறும் தாமே நீங்கும். எனினும், நாம் சென்ற தளங்கள் தம்பாற் குறித்துக்கொண்டவை இவற்றுள் எதனாலும் அழியா என்பதை மறத்தலாகாது.

இஃது எமக்கென்ன, எம்பால் மறைக்கத்தக்கது யாதுமில்லை என்பாரும் உளர். அவர்க்கு நாம் கூறுவது ஒன்று. திறந்து கிடக்கும் கடிதம் எழுதினவருக்கு மாத்திரமன்று, அதனை அடுத்துக் காண்பவருக்கும் இடராம். சோதனையினின்று காக்குமாறு நாடோறும் ஜெபிக்கின்ற நாம், அடுத்து அமரும் தோழர்க்குச் சோதனையை மேசைமேல் வைத்துச் செல்லுதல் தகுமோ? பிறர் கணக்குத் திறந்திருக்கக் காண்பாரும், படியாது அதனை மூடிவிடுவாராக. எழுமுன் அரை நிமிடம் செலவிடுதல் நம்மால் இயலாததன்று.