மூன்று மாதம் தங்கினாலே பங்கு மக்கள்

கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரு சட்டப்புத்தகம் உண்டு என்பதே நம்மில் பலருக்குக் கல்யாண ஓலை வாசிக்கும்போதுதான் நினைவுக்கு வரும். 1983இல் வெளியான அந்தப் புத்தகத்தின் 102ஆவது பிரிவைத் தொழிற்சாலை வேலைக்கு வந்து தண்டலத்திலும் ஒரகடத்திலும் வாடகை வீட்டிலும் விடுதியிலும் இருக்கிற எல்லாரும் ஒருமுறை படிக்க வேண்டும். ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலே, அல்லது மூன்று மாதம் தங்கிவிட்டாலே, அங்கே இருப்பிட உரிமை வந்துவிடுகிறது. அந்த ஊர்ப் பங்குச்சாமியார்தான் வந்தவருக்கும் பங்குச்சாமியார் என்கிறது 107ஆவது பிரிவு. கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த பையனுக்கு கம்பெனியில் நிரந்தரம் கிடைக்குமோ கிடைக்காதோ, கோயிலில் மூன்றே மாதத்தில் கிடைத்துவிடுகிறது.

நான் வள்ளியூர் பக்கத்துக்காரன். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. குடும்பத்தோடு தண்டலத்தில் குடியிருக்கிறேன். பிள்ளைகள் புதுநன்மை வாங்கியது இங்கேதான். ஆனால் கோயில் வரி ஊருக்குப் போகிறது. திருவிழா என்றால் லீவு போட்டு ஊருக்குப் போகிறோம். தூத்துக்குடி, சிவகங்கைக்காரர்களும் அப்படித்தான். ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கிற பழங்குடிப் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பூசை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விடுகிறார்கள். பங்குப் பேரவைக்கு வாருங்கள் என்றால், "நாம வந்தவங்க, நமக்கெதுக்கு?" என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில்.

உள்ளூர்க்காரர்களுக்கும் அது வசதிதான். பங்குப் பேரவைக்கு ஆட்கள் அன்பியங்களிலிருந்து வருகிறார்கள். அன்பியம் என்பது பங்கின் வீடுகளை எண்ணிப் பிரித்த சிறு குழு. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. அங்கே தங்கியிருக்கும் ஒரு கத்தோலிக்கப் பெண்ணை எந்த அன்பியத்தில் சேர்ப்பது? அவளுக்கு வீடு இல்லை, கட்டில்தான் இருக்கிறது. கூட்டமோ ஞாயிறு காலைப் பூசை முடிந்து. நைட் ஷிப்ட் முடித்தவள் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பாள்.

போப் பிரான்சிஸ் 2021இல் தொடங்கிவைத்த ஆயர் மாமன்றத்தின் 2023 அமர்வில்தான் முதல்முறையாகப் பெண்களும் பொதுநிலையினரும் ஆயர்களோடு சேர்ந்து வாக்களித்தார்கள். பேரவைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் வந்த இறுதி அறிக்கை வலியுறுத்துகிறது. ரோமாபுரியில் பெண் ஓட்டுப்போட்டாயிற்று. இங்கே எங்கள் லைனில் வேலை செய்கிற பெண்ணிடம், எத்தனை மணிக்குப் பூசை வைத்தால் உனக்கு வர முடியும் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

பொதுநிலையினர் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கோயிலைப் பிரித்து நின்ற சுவரை 1910இல் இடித்தவர்கள் குருக்கள். பிரிவினை வேண்டும் என்று நீதிமன்றப் படியேறியவர்கள் பொதுநிலையினர். தோற்றார்கள், நல்லவேளை. அதனால்தான் ஊரில் நாலு பெரிய குடும்பம் கோயிலை நடத்துவதை யாராவது 'மக்கள் பங்கேற்பு' என்று புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆனால் யாழ்ப்பாணத்தையும் நினைக்க வேண்டும். 1658இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, குருக்களை விரட்டி, பூசையைத் தடை செய்தார்கள். ஜோசப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் 1687இல் போய்ச் சேர்ந்தபோது அங்கே கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஜெபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது வீட்டிலிருந்தவர்கள்தான். சாமியார் வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால், வந்த சாமியாரைத் தேடிப் போக ஆளே இருந்திருக்காது.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. பேரவையில் விடுதிப் பெண்களுக்கு ஓர் இடம், வட இந்தியப் பிள்ளைகளுக்கு ஓர் இடம். கூட்டத்தை மாதம் ஒருமுறையாவது ஷிப்ட் மாறும் நேரம் பார்த்து வைப்பது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537ஆவது பிரிவு; மக்கள் கொடுத்த பணத்துக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287. ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை வரவு செலவைப் பூசை முடிந்து வாசித்துவிடலாம். பேரவையின் கருத்து வெறும் ஆலோசனைதான், முடிவு சாமியாருடையது என்பது எனக்கும் தெரியும். ஆலோசனை சொல்லவாவது ஆள் உள்ளே இருக்க வேண்டுமே.

இதில் கடினமான பாதி எங்களுடையது. பேரை இங்கே பதிந்து, வரியை இங்கே கட்ட வேண்டும். ஊர் வரி நோட்டில் பேர் இல்லாவிட்டால் திருவிழாவில் குடும்பத்துக்கு உள்ள மரியாதை போய்விடும் என்று அண்ணன் போனில் சத்தம் போட்டார். போகட்டும் அண்ணே என்றேன். கல்லறைத் திருநாளுக்கு அப்பா அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஊருக்கு வருவேன். இந்த வருஷ வரி தண்டலத்தில், இந்தப் பங்குக்குத்தான்.