மூச்சுக்கு வழி விடுங்கள்

சாவு வீட்டிலோ திருவிழாவிலோ பேண்டு செட் வாசிக்கும்போது டிரம்பெட் ஒரு இடத்தில் பிசிறடித்தால் போதும், கூட்டத்திலிருந்து உடனே ஒரு குரல் வரும்: "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டான் போல." ஊதுகிறவர் சேரியைச் சேர்ந்தவர் என்றால் இந்தத் தீர்ப்புக்கு விசாரணையே கிடையாது. கருவியில் என்ன கோளாறு, அதைக் கடைசியாகப் பழுது பார்த்தது எப்போது, பழுது பார்க்க ஆள் எங்கே இருக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை.

ஏற்காடு ஒன்றியத்தின் ஊராட்சிகளில் ஒன்றான மஞ்சக்குட்டையை எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடி மக்கள். காபித் தோட்ட வேலைக்காகச் சமவெளியிலிருந்து வந்து குடியேறிய தலித் குடும்பங்களும் இங்கே உண்டு. தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் பேண்டு அடிக்கப் போகிறவருக்கு அந்தக் கருவி ஒரு மண்வெட்டியைப் போல, ஒரு அரிவாளைப் போல வேலைச் சாமான். அரிவாளைச் சாணை பிடிக்க ஊருக்குள் ஆள் வருகிறார். டிரம்பெட்டின் வால்வு சிக்கிக்கொண்டால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குப் போய் ஆள் தேட வேண்டும். ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு போகும். ஆகவே சிக்கிய வால்வோடுதான் அடுத்த ஊருக்கும் போகிறார்கள்.

கருவிக்குள் என்ன நடக்கிறது?

மாணவர்கள் இதைத் தங்கள் அறிவியல் பாடத்தோடு சேர்த்துப் படிக்கலாம். சாதாரணமாக பேண்டில் பயன்படும் டிரம்பெட்டின் குழாயை நீட்டி வைத்தால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளம் வரும். ஊதுகிறவரின் உதடு அதிர்கிறது. குழாய்க்குள் இருக்கும் காற்று அந்த அதிர்வை ஏந்தி ஒலிக்கிறது. இரண்டாவது வால்வை அழுத்தினால் ஒரு சிறு குழாய் சேர்ந்து சுருதி அரைச் சுரம் இறங்கும். முதல் வால்வு ஒரு சுரமும், மூன்றாவது வால்வு ஒன்றரைச் சுரமும் இறக்கும். மூன்றையும் சேர்த்தும் பிரித்தும் 8 விதமாக அழுத்தலாம். இந்த வால்வு முறைக்கு 1818-ல் ஜெர்மானியர்களான ஸ்டோல்செலும் புளூமெலும் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய டிரம்பெட்டில் உள்ள பிஸ்டன் வால்வை 1839-ல் பாரிசில் பெரினே வடிவமைத்தார்.

டிரம்பெட் "கனமாக" இருக்கிறது, மூச்சு போகவில்லை என்று சொல்லும்போது கோளாறு பெரும்பாலும் நான்கைந்து இடங்களில்தான் இருக்கும். முதலாவது அழுக்கு. மவுத்பீஸை அடுத்துள்ள குழாய் விரல் பருமன்தான். டீயும் பலகாரமும் சாப்பிட்ட வாயோடு ஊதும்போது அந்த இடத்தில் படிவு ஏறிக்கொண்டே போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைத்து, வளையும் தூரிகை விட்டுக் கழுவினாலே பாதிக் கருவிகளுக்கு மூச்சு திரும்பிவிடும். கொதிநீர் கூடாது, மேற்பூச்சு உரியும். ஊதுவதற்கு முன் வாயைக் கொப்பளிப்பது செலவில்லாத வைத்தியம்.

இரண்டாவது எண்ணெய். வால்வுக்கு மெல்லிய, தண்ணீர் போன்ற எண்ணெய் வேண்டும். கைக்கு எட்டியது தேங்காய் எண்ணெய் என்று அதைப் போட்டால், சமவெளியில் ஒருவேளை ஓடும். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும் என்பது மலைவாசிகள் ஒவ்வொருவருக்கும் தலைக்குத் தேய்க்கும் பாட்டிலிலேயே தெரியும். 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழி விடியலில், வால்வு இறங்கினால் ஏறாது. பழி மட்டும் ஊதுகிறவர் மேல் விழும்.

மூன்றாவது, வால்வுக்குள் இருக்கும் கம்பளித் துணி வளையம். அது தேய்ந்து தட்டையாகிவிட்டால் பிஸ்டனின் துளையும் குழாயின் துளையும் நேருக்கு நேர் நிற்காது. பாதி மூடிய கதவு வழியாக மூச்சு நுழைய வேண்டியிருக்கும். சரியான கனத்தில் புது வளையம் போட்டால் அதே கருவி வேறு கருவி போல ஒலிக்கும். பிஸ்டன்களுக்கு 1, 2, 3 என்று எண் இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் காற்றே போகாது.

நான்காவது கசிவு. தண்ணீர் வடிக்கும் சாவியின் அடியில் உள்ள சிறு கார்க் காய்ந்து சுருங்கினால் மூச்சு அங்கேயே ஒழுகிவிடும். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை வெளியே இழுத்துப் பாருங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் அந்த இடம் இறுக்கமாக இருக்கிறது. வராவிட்டால் வால்வோ ஸ்லைடோ தேய்ந்திருக்கிறது. ஐந்தாவது நெளிவு. பூப்போல விரிந்த வாய்ப்பகுதியில் விழும் நெளிவு கண்ணை உறுத்தும், ஒலியை அவ்வளவாகக் கெடுக்காது. மவுத்பீஸ் பக்கத்துக் குறுகிய குழாயில் விழும் சிறு நெளிவுதான் மூச்சை மறிக்கும்.

ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. நன்றாக மூச்சு போக வேண்டும் என்று மவுத்பீஸின் துளையைத் துரப்பணம் போட்டுப் பெரிதாக்குவது. அப்போதைக்கு இலகுவாக இருப்பது போலத் தோன்றும். பிறகு சுருதி நிற்காது, மூச்சும் சீக்கிரம் தீர்ந்துவிடும். போட்ட துளையை அடைக்கவும் முடியாது.

வடிவது எச்சில்தானா?

சாதி இந்தக் கருவிக்குள்ளும் நுழைந்திருக்கிறது. வாசிக்கும் நடுவே சாவியைத் திறந்து தண்ணீர் வடிக்கும்போது முகம் சுளித்து விலகுகிறவர்களைப் பார்க்கிறோம். "எச்சில் வாத்தியம்" என்று சொல்லி, ஊதுகிறவர்களைப் பந்தலுக்கு வெளியே நிற்க வைக்கிறார்கள். தோலைத் தொட்டதால் பறை தீட்டு என்றார்கள். உதட்டைத் தொட்டதால் டிரம்பெட் தீட்டு என்கிறார்கள். அதே உதட்டில் வைத்து ஊதும் நாதசுரம் கோயிலுக்குள் மங்கல வாத்தியம். அப்படியென்றால் தீட்டு எச்சிலில் இல்லை, ஊதுகிறவரின் பிறப்பில்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

உண்மையில் அந்தக் குழாயில் வடிவது பெரும்பாலும் எச்சிலே அல்ல. நம் மூச்சில் உள்ள ஈரம் குளிர்ந்த பித்தளையில் பட்டு நீராகிறது. குளிர்ந்த தண்ணீர் நிறைந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே காரணத்தால்தான். மலைக்குளிரில் பித்தளை இன்னும் குளிர்ந்திருப்பதால் நீர் கூடுதலாகச் சேரும். கருவி குளிர்ந்திருக்கும்போது சுருதி இறங்கி நிற்கும். ஊதி ஊதிச் சூடேறியதும் ஏறும். ஆகவே தொடக்கத்தில் சுருதி ஸ்லைடைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, பிறகு வெளியே இழுக்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிட அவகாசம் வேண்டும். வண்டியிலிருந்து இறங்கியதும் "அடிங்கடா" என்று அதட்டுகிற ஊரில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

வரலாறு சொல்வது

மேல்நாட்டு பேண்டு நம் ஊருக்கு அரண்மனை வழியாகவும் பட்டாளத்தின் வழியாகவும் வந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) அரண்மனையிலேயே பேண்டு வைத்திருந்தார். பின்னர் அது கல்யாண ஊர்வலத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் இறங்கி வந்தது. கருவி செய்யும் தொழில் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் வேரூன்றியது. 1885-ல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அரண்மனையில் வாசித்தபோது மரியாதையாக இருந்த கருவி, தலித்துகளின் கைக்கு வந்தபின் மரியாதை இழந்தது. சீருடை போட்டுக்கொண்டு, சாதிப் பெயர் ஒட்டாத ஒரு கருவியை ஏந்தி, பறையடிக்கும் கட்டாயத்திலிருந்து வெளியேறலாம் என்று நம்பி வந்தவர்கள் பலர். ஊர் அவர்களைச் சீருடையோடு அதே ஓரத்தில் நிறுத்தியது.

கடலுக்கு அப்பால் இதே கதை வேறு முடிவை எட்டியது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்கள் சவ ஊர்வலத்தில் பித்தளைக் கருவிகள் வாசித்தார்கள். 1913-ல் அந்த நகரின் கறுப்பினச் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்ட 11 வயதுச் சிறுவன் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கையில், அங்கிருந்த இசை ஆசிரியர் பீட்டர் டேவிஸ் கருவியைக் கொடுத்துக் கற்பித்தார். பின்னாளில் அந்தச் சிறுவனின் டிரம்பெட்டை உலகமே கேட்டது. திறமை எங்கும் பிறக்கிறது. ஒரு நல்ல கருவியும் ஒரு ஆசிரியரும் கிடைப்பதுதான் எங்கும் நடப்பதில்லை.

"சாவு மேளத்தையே விட்டொழிக்க வேண்டும், அதைப் போய்ச் சீர்செய்வதா?" என்று நம் இளைஞர்களில் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. மறுக்கும் உரிமை எல்லாவற்றுக்கும் முந்தியது. அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது, 23-வது பிரிவு கட்டாய வேலையைத் தடுக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியலினத்தவரைக் கட்டாய வேலை வாங்குவதைக் குற்றமாக்குகிறது. "இந்தச் சாவுக்கு நீ வந்தே ஆக வேண்டும்" என்று மிரட்டுகிறவர் மீது வழக்குத் தொடுக்கலாம். ஆனால் கட்டாயத்தை ஒழிப்பது வேறு, கலையை ஒழிப்பது வேறு. பறையைக் கட்டாயத்திலிருந்து மீட்டு மேடையேற்றியது தலித் இயக்கம். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது அந்த நெடும்பயணத்தின் பலன். டிரம்பெட்டுக்கும் அந்தப் பாதை திறக்க வேண்டும். வாசிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையும், வாசித்தால் நன்றாக வாசிப்பேன் என்ற பெருமையும் ஒரே மனிதனுக்குரியவை.

செய்ய வேண்டியவை

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் கற்பிக்கிறார்கள். நல்லது. சேலம் மாவட்டத்தின் ஊர்தோறும் ஒலிக்கும் டிரம்பெட்டுக்கும் கிளாரிநெட்டுக்கும் அங்கே ஒரு வகுப்பு வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்காட்டில் பித்தளைக் கருவி பழுதுபார்ப்பு முகாம் நடத்த வேண்டும். ஒரு பழுதுபார்ப்பவரும் ஒரு பெட்டி உதிரிப் பொருளும் இருந்தால் போதும், கோடிகள் தேவையில்லை.

நாட்டுப்புறக் கலைஞர்கள் இசைக்கருவியும் உடையும் வாங்க இயல் இசை நாடக மன்றம் வழியாக ரூ.10,000 உதவி தரப்படுகிறது. புதிதாக வாங்க மட்டுமின்றி, பழையதைச் சீர்செய்யவும் அந்தத் தொகை கிடைக்க வேண்டும். பேண்டு கலைஞர்கள் விண்ணப்பித்தால் தயங்காமல் ஏற்க வேண்டும். தாட்கோ மானியக் கடனில் கடை வைக்க நினைக்கும் இளைஞர்களே, இசைக்கருவி பழுதுபார்ப்பும் ஒரு தொழில். மாவட்டத்தில் இத்தனை பேண்டு செட்டுகள் இருக்க, அதைக் கற்றுக்கொண்டவருக்கு வேலை குறையாது.

பேண்டு குழுக்களும் சிலவற்றை முடிவு செய்ய வேண்டும். கூலியில் ஒரு சிறு பங்கைக் கருவிக்கென்று தனியே ஒதுக்குங்கள். முன்பணம், வண்டிச் செலவு, சாப்பாடு, வாசிக்கும் நேரம் ஆகியவற்றைப் பேசி எழுதி வாங்குங்கள். கூலிக்குப் பதில் சாராயம் என்றால் வாங்காதீர்கள். குடிக்கக் கொடுத்துவிட்டு "குடிகாரன்" என்று ஏசுகிற வாய்க்கு அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டாம்.

ஊராருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாய் தந்தையின் கடைசி ஊர்வலத்துக்கு முன்னே நடந்து போகிறவர்கள் அவர்கள். வந்ததும் கருவியைச் சூடேற்றிச் சுருதி சேர்க்க ஐந்து நிமிடம் கொடுங்கள். உட்கார நாற்காலி போடுங்கள். எல்லாரும் குடிக்கும் டம்ளரிலேயே தண்ணீர் கொடுங்கள்.