நீரில் கண்டமும் நீல உடுப்பும்

நமது நாட்டில் குளத்திலோ, கிணற்றிலோ, நீச்சல் தொட்டியிலோ ஒரு குழந்தை மூழ்கி இறந்துவிட்டால், இழவு வீட்டில் முதலில் காதில் விழும் சங்கதி என்னவென்றால், "ஜாதகத்திலேயே தண்ணீரில் கண்டம் என்று இருந்ததாம்" என்பதுதான். அன்று அக்குழந்தை என்ன நிறத்தில் உடுத்தியிருந்தது, கரையிலிருந்தவர்களுக்கு அது கண்ணில் பட்டதா என்று கேட்பவர் ஒருவரையும் காணோம். கண்டம் சொன்ன ஜோசியராவது "நீல உடுப்புப் போடாதே" என்று சொல்லியிருந்தால், வாங்கின தட்சணைக்கு ஏதோ வேலை செய்தார் எனலாம்.

2021-ம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பாகம் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். இவ்வளவு பேர் ஜாதகத்திலும் ஒரே கண்டமா?

மூழ்குகின்ற குழந்தை, சினிமாவில் காட்டுவதுபோல் கையை ஆட்டிக் கூச்சல் போடும் என்று நினைப்பது தப்பு. மூச்சு வாங்கவே வாய் போதாதபோது கூப்பிடுவது எங்கே? பெரும்பாலும் சத்தமில்லாமலே, ஒரு நிமிஷத்திற்குள் கீழே போய்விடும். காது உதவாத இடத்தில் கண் ஒன்றுதான் கதி. அந்தக் கண்ணையும் நாமே கட்டிவிட்டல்லவா குழந்தையைத் தண்ணீரில் இறக்குகின்றோம்! நீச்சல் தொட்டியின் அடியில் பதித்திருப்பது வெளிர்நீல ஓடு. பிள்ளைக்குக் கடையில் வாங்குவதும் நீலம். குளத்துத் தண்ணீரோ கலங்கலும் பாசியும். அதில் கறுப்பும், கருநீலமும், காக்கியும் போன இடம் தெரியாது. வெள்ளையோ மேகத்தின் நிழல்போலவும், வெயிலின் மினுமினுப்புப்போலவும் தோன்றி ஏமாற்றும். (கறுப்புச் சட்டைத் தோழர்கள் கோபிக்க வேண்டாம். மேடைக்குக் கறுப்பு சரி, குளத்துக்கு ஆகாது.)

சாலை போடும் தொழிலாளர் மேலே மாட்டிக்கொள்ளும் பளிச்சென்ற ஆரஞ்சையும், எலுமிச்சை மஞ்சளையும் பார்த்திருப்பீர்கள். சாதாரணச் சாயம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பாகத்தைத் திருப்பி அனுப்புவதோடு சரி. இந்தச் சாயமோ நீல ஒளியையும், கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரையும் வாங்கிக்கொண்டு, மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் மாற்றி வெளியே விடுகின்றது. அதனால்தான் அப்படி எடுப்பாகத் தெரிகின்றது. குழந்தையின் நீச்சல் உடுப்பு இந்த நிறங்களில் இருக்கட்டும். தலையை ஒட்டிய குல்லாயும் அப்படியே. நீந்துகையில் வெளியில் தெரிவது தலைதானே.

நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எவரும் இதை நம்ப வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பல நிறத் துணிகளில் ஒவ்வொரு துண்டாக எடுத்து, கல்லைக் கட்டி, கயிற்றில் கோத்து, குழந்தை குளிக்கின்ற அதே தண்ணீரில் இரண்டடி ஆழத்திற்கு விட்டுக் கரையில் நின்று பாருங்கள். தண்ணீரை அலையவிட்டும் பாருங்கள். கடைசிவரை எது தெரிகின்றதோ அதுவே அக்குழந்தைக்கு ராசியான நிறம்.

கலங்கல் அதிகமானால் எந்த நிறமும் சில அடிகளுக்குக் கீழே தெரியாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நிறம் குழந்தையை மிதக்க வைக்காது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் கண்ணெடுக்காமல் இருக்க வேண்டும். நீச்சலும் பழக்க வேண்டும். கண்டத்துக்குப் பயந்து தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்த பிள்ளைதான், ஒருநாள் தவறி விழும்போது நீந்தத் தெரியாமல் போய்விடுகின்றது.

மற்றொன்று. இந்தச் சாயம் வெயிலிலும், நீச்சல் தொட்டியில் கலக்கும் குளோரினிலும் வெளுத்துப் போகும். போன வருஷம் வாங்கியதுதானே என்று இருந்துவிடாமல், அந்தக் கல்லையும் கயிற்றையும் வருஷா வருஷம் எடுத்துப் பார்ப்பது நல்லது.