இல்லாத விளிம்பு

வரைபடத் தரவுத்தளங்களுக்கான வினவுமொழியான ஜி.கியூ.எல். குறித்து நம் இதழின் நிலைப்பாடு என்ன என்று வாசகர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். அதன் தரமான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 39075 வெளிவந்தது 2024 ஏப்ரலில். எஸ்.கியூ.எல்.லுக்குப் பிறகு ஐ.எஸ்.ஓ. தரம் பெற்ற புதிய தரவுத்தள மொழி இதுதான். கம்பெனிக்கொரு வினவுமொழி என்ற தொல்லை இனி குறையும். பாதைப் பொருத்தத்தை நன்றாகவே வகுத்திருக்கிறார்கள். சேமிக்கவும் தேடவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இதையே அறிவுப் பிரதிநிதித்துவ மொழி என்று விற்பதைத்தான் ஏற்க முடியாது.

மருத்துவமனை வரைபடம் ஒன்று. நோயாளி முனையிலிருந்து பெனிசிலின் முனைக்கு ‘ஒவ்வாமை’ விளிம்பு இல்லை. அவருக்கு ஒவ்வாமை இல்லையா, யாரும் அவரைக் கேட்கவே இல்லையா? ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ போட்டால் இரண்டுக்கும் ஒரே விடைதான். ‘ஒவ்வாமை_இல்லை’ என இன்னொரு விளிம்பு வகை சேர்த்துச் சமாளிக்கிறார்கள். இரண்டும் முரண் என்பது எழுதியவருக்குத் தெரியும். எந்திரத்துக்கு அவை வெறும் இரண்டு பெயர்கள். ஒரே நோயாளிக்கு இரண்டையும் வரையுங்கள், அது வாயே திறக்காது.

தர்க்கவியலாளர் பியர்ஸ் தன் இருப்பு வரைபடங்களில் இந்த மறுப்புச் சிக்கலை 1890களிலேயே தீர்த்துவிட்டார். மறுப்பதைச் சுற்றி ஒரு வெட்டு. வெட்டுக்குள் வெட்டு போட்டால் ‘எனில்’ வந்துவிடும், அடையாளக் கோட்டையும் சேர்த்தால் ‘எல்லா’வும் வந்துவிடும். அதிலிருந்து கிளைத்த சோவாவின் கருத்து வரைபடங்கள் 2007இல் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 24707ஆம் தரத்தில், காமன் லாஜிக்கின் பின்னிணைப்பாக, சி.ஜி.ஐ.எஃப். என்ற பெயரில் இடம்பெற்றன. அங்கே மறுப்புக்கு ஓர் அலைக்குறி போதும்.

39075, 24707 ஆகிய இரண்டு தரங்களும் ஜே.டி.சி. 1/எஸ்.சி. 32 என்ற ஒரே துணைக்குழுவின் பிள்ளைகள். பணிக்குழு மட்டுமே வேறு. தன் வீட்டிலேயே இருந்ததை எடுத்துக்கொள்ள ஜி.கியூ.எல். குழுவுக்கு என்ன தடை? இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி மட்டும் யோக்கியமா? அதன் ஆர்.டி.எஃப்.பில் இன்றும் ‘உம்’ உண்டு, ‘ஏதோ ஒன்று’ உண்டு, ‘இல்லை’ கிடையாது. 1.2 பதிப்பின் மும்மைச் சொற்களால் ஒரு கூற்றை வலியுறுத்தாமலே அதைப் பற்றிப் பேசலாம், மறுக்க முடியாது. ஓ.டபிள்யூ.எல். 2-இன் எதிர்மறைப் பண்புக்கூற்று 2009 முதல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. இதையெல்லாம் எழுப்பினால் ‘பயனர்கள் கேட்கவில்லை’ என்ற பதில்தான் வருகிறது. ஜி.கியூ.எல். தரத்தைப் படிக்கவே காசு கட்ட வைத்துவிட்டு, எந்தப் பயனர் வந்து கேட்பார்?

குழுக்கள் திருந்தும்வரை காத்திருக்கப் போவதில்லை. விளிம்பு இல்லாமைக்குத் தங்கள் வரைபடத்தில் என்ன பொருள் என்பதைக் கட்டுரையாளர்கள் அடுத்த இதழ் முதல் வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாத கட்டுரைகள் மதிப்பாய்வுக்குப் போகாது.