புள்ளியும் புரிதலும்

பெரிய லொறியொன்று சிறிய காருடன் மோதுகின்றது. மோதும் கணத்தில் எது எதன்மீது கூடிய விசையைப் பிரயோகிக்கின்றது? நியூட்டனின் மூன்றாம் விதியின்படி இரண்டும் சமமே. ஆனால் அவ்விதியை வரி பிசகாது ஒப்புவிக்கும் மாணவரிற் பலர், லொறியே கூடிய விசையைப் பிரயோகிக்கும் என்று விடையளிக்கின்றனர். அப்படியாயின் அவர்கள் கற்றது என்ன?

இவ்வினாவுக்கு விடை தேடுவது ஒரு தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்துள்ளது. வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மக்டெர்மொட் கையாண்ட வழி நேர்காணல். இரு குண்டுகள் உருண்டோடுவதை மாணவருக்குக் காட்டி, அவற்றின் கதி எப்போதாவது சமமாக இருந்ததா என்று கேட்டனர். ஒன்று மற்றதை முந்தும் கணத்தைப் பலர் சுட்டினர். இடம் ஒன்றானால் கதியும் ஒன்று என அவர்கள் கருதியது, 1980இல் வெளியான அவ்வாய்வில் வெளிப்பட்டது.

இரண்டாவது வழி, கற்பிக்கும் முன்னரும் பின்னரும் ஒரே தேர்வை வைத்து ஒப்பிடுவது. விசை பற்றிய கருத்துகளைச் சோதிக்கும் பல்தேர்வு வினாத்தாளொன்றை டேவிட் ஹெஸ்டெனெஸ் குழுவினர் 1992இல் வெளியிட்டனர். அதன் பிழையான விடைகள், மாணவர் மனத்தில் இயல்பாகவே உள்ள தவறான எண்ணங்களைக் கொண்டு அமைக்கப்பட்டவை. இத்தகைய தேர்வுகளின் முடிவுகளை, 62 பாடநெறிகளைச் சேர்ந்த 6,542 மாணவரிடமிருந்து தொகுத்து, ரிச்சர்ட் ஹேக் 1998இல் ஆராய்ந்தார். விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகள், முன்னேறக்கூடிய அளவில் சராசரியாக 23 வீதமே முன்னேறின. மாணவர் தம்முள் விவாதித்துக் கற்ற வகுப்புகள் 48 வீதம் முன்னேறின. தரவுகளைத் தந்தோர் தாமாக முன்வந்தவர்கள் என்பதனால், இவ்வெண்களைச் சற்று நிதானத்துடனேயே நோக்கவேண்டும்.

மூன்றாவது வழி இக்குறையை நிவர்த்தி செய்கின்றது. 2019இல் வெளியான ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்றில் மாணவர்கள் எழுந்தமானமாக இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு சிறந்த விரிவுரையைக் கேட்டது. மற்றது தானே முயன்று கற்றது. அடுத்த வகுப்பில் இடம் மாறினர். விரிவுரை கேட்டவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தனர். தேர்விலோ, தாமே முயன்றவர்கள் அதிக புள்ளி பெற்றனர்!

இது நமக்கொரு எச்சரிக்கை. நமது உயர்தர மாணவர்கள் கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுகின்றனர். ஒலிபெருக்கி முழங்கும் தனியார் வகுப்புகளில் நிரம்பி வழிகின்றனர். ஆசிரியரின் சிறப்பைக் கூட்டத்தைக் கொண்டும், மாணவரின் அறிவைப் பெறுபேற்றைக் கொண்டும் அளவிடுகின்றோம். இரண்டுமே புரிதலின் அளவுகோல் அல்ல.

அமெரிக்க வினாத்தாளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. பாரத்தைச் சுமந்தபடி அசையாது நிற்பவன் 'வேலை' செய்யவில்லை என்கின்றது பௌதிகவியல். நம் அன்றாடத் தமிழ் அதை ஏற்காது. சாதாரண பேச்சில் 'வேகம்' என்பதற்குத் திசை கிடையாது, பாடநூலில் உண்டு. நமது பிள்ளைகள் எங்கே இடறுகின்றனர் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டறிந்து, அதிலிருந்து தமிழில் வினாக்களை ஆக்கவேண்டும்.

இதற்கு ஆய்வுகூடமோ பெருநிதியோ வேண்டியதில்லை. தவணையின் தொடக்கத்திலும் முடிவிலும் அரை மணி நேரம் போதும். பிழையான விடையைச் சிவப்பு மையினால் வெட்டுமுன், "ஏன் அப்படி நினைத்தாய்?" என்று கேட்கும் பொறுமையே வேண்டும். நமது பல்கலைக்கழகங்களும் கல்வியியற் கல்லூரிகளும் இப்பணியைத் தொடங்குமா?